மூடி வைத்த கடற்காற்று

"இன்னும் ஒரு சுத்து, அவ்வளவுதான்," என்று சொல்லிக்கொண்டே கொழுந்தன் ஸ்பேனரைத் திருப்பினான். தலையும் தோளும் பானட்டுக்குள் மறைந்திருந்ததால் குரல் மட்டும்தான் வெளியே வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், விரிப்புகள் காயப்போட்ட கொடிக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. வண்டியின் பின்தட்டில் அவளுடைய கணவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். அவருடைய செருப்பும் மூக்குக் கண்ணாடியும் ஒரு பிளாஸ்டிக் பையில் அவள் கையில் தொங்கின. அந்த இரண்டையும் எங்கே வைப்பது என்றுதான் காலையிலிருந்து அவளுக்கு யோசனை. வேறெதையும் யோசிக்க மனம் துணியவில்லை.

ஆஸ்பத்திரி வண்டிக்காரர் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே கையை விரித்துவிட்டார். "அவ்வளவு மேலயா? பாதி மலையில மூச்சு வாங்கி நின்னுடும்மா. அப்புறம் நடுரோட்டுல நீங்களும் நானும் முழிச்சிக்கிட்டு நிக்கணும்." கடைசியில் அவரைச் சுமந்து போக அவருடைய சொந்த பிக்கப் வண்டியே வந்தது. கடலோரத்திலிருந்து மலை உச்சிக் கடைகளுக்கு மாவும் மருந்தும் சோப்பும் ஏற்றிப் போன வண்டி அது.

கொழுந்தன் நிமிர்ந்தான். கண்கள் வீங்கியிருந்தன. அவன் இந்தக் கீழூரிலேயே டாக்சி ஓட்டுகிறவன். அண்ணனின் வண்டிக்கு 'ஆமை' என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

"எஞ்சினுக்குக் காத்தை அழுத்தித் தர்ற டர்போவைப் போட்டு அதைத் தூங்க வச்சிருக்காரு அண்ணி. உள்ள போற காத்து பத்தவே பத்தாது. கொஞ்சம் இறுக்கியிருக்கேன், இனிமே பறக்கும். அஞ்சு மணிக்கு மேல மலைக் கேட்டைப் பூட்டிடுவான்."

டர்போ போட்டும் வண்டி வேகமாகப் போகவில்லையே என்று அவளும்தான் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். டர்போ தரும் காற்றைக் காட்டும் மீட்டரில் முள் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறதே, காசைக் கரியாக்கினீர்களா என்று. அவர் சிரிப்பார். "இது கூடக் குடுக்கறதுக்கு இல்ல. மேல போகப் போகக் காத்து கொறையும்ல, அந்தக் கொறையை மட்டும் குடுக்கும்," என்பார். அவள் அதற்குள் அடுப்பைப் பார்க்கப் போயிருப்பாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் பக்கத்து வீட்டுத் தபால்காரர் ஏறி உட்கார்ந்தார். ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் எல்லோருக்கும் அவர் தபால்காரர்தான். அவருக்கும் இறந்தவருக்கும் ஒரு செஸ் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது.

"ராணி மாட்டப் போறது தெரிஞ்சு போயிட்டான் பாரும்மா," என்று பெட்டியைத் தட்டினார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருடைய அக்கா மேலே காத்திருந்தாள். தம்பிகள் இருவரையும் தாய்க்குத் தாயாக வளர்த்தவள். கால் விழுந்து நாற்காலியோடு கிடக்கிறாள், மலையிறங்க வழியில்லை. காலையில் போனில் அவள் அழவில்லை. "அவன் மொகத்தைப் பாக்காம நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். உச்சிக்குக் கீழே, கல் உருளும் வளைவில் ஒரு கேட் இருக்கிறது. இருட்டுவதற்குள் அதைத் தாண்டாவிட்டால் விடிந்தபிறகுதான் வழி. ஒரு முழு இரவு, அந்த உடம்பு, ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல்.

வண்டி நிஜமாகவே பறந்தது. சமவெளி முடிந்து முதல் வளைவு ஏறும்போது மீட்டரின் முள் விருட்டென்று எழுந்தது.

"பாத்தீங்களா?" என்றான் கொழுந்தன்.

அவள் பார்த்தாள். அவர் ஓட்டும்போது இந்த இடத்தில் முள் படுத்தே கிடக்கும். இப்போது திடுக்கிட்டு எழுந்தவன் போல நின்றது.

நாலைந்து வளைவுகள் போயிருக்கும். எஞ்சினுக்குள் யாரோ டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் வந்தது. கொழுந்தன் பாட்டை மாற்றுவது போல கியரை மாற்றிப் பார்த்தான். சத்தம் போகவில்லை. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. பானட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாய் ஆவி கிளம்பியது. ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினான். கீழே வெகு தூரத்தில் கடல் ஒரு தகடு மாதிரி கிடந்தது.

பின்னாலிருந்து தபால்காரர் எட்டிப் பார்த்தார். "என்னடா, ஆமை குளிக்குதா?"

கொழுந்தன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. அவள் அவன் முதுகில் கை வைத்தாள். பிறகு இறங்கி, சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தண்ணீர் கேனை இழுத்தாள். நிறைந்திருந்தது.

நேற்று மாலை அவர் அவளிடம் கடைசியாகச் சொன்னது, "வண்டியில தண்ணி இருக்கான்னு பாத்துக்கோ," என்பதுதான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளிடம் கடைசியாகச் சொல்ல இவருக்கு இதுதானா கிடைத்தது என்ற குறை காலையிலிருந்து அவளோடு இருந்தது. கேனைத் தூக்கியபோதும் அது போகவில்லை.

ஆறியதும் தண்ணீர் ஊற்றினார்கள். கொழுந்தன் ஸ்பேனரை எடுத்தான். நட்டின் மேல் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"எத்தனை சுத்து இறுக்கினேன் அண்ணி?"

"எனக்கெப்படித் தெரியும்? நீ ஒரு சுத்துன்னுதான் சொன்ன."

"அது கடைசியா சொன்னது. அதுக்கு முன்னாடி ஆத்திரத்துல என்ன திருப்பினேன்னே தெரியல. கொறச்சுட்டா மேல போய் இழுக்காது. கூட விட்டா இதே கதைதான்." அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மணி வேற ஆகுது."

அவள் எஞ்சினுக்குள் குனிந்து பார்த்தாள். அவளுக்கு எஞ்சின் தெரியாது. எல்லாமே கரி, எண்ணெய், குழாய். அந்தக் கறுப்புக்கு நடுவில் ஒரு சின்ன சிவப்பு.

மாதுளை முத்தின் சிவப்பு. அந்த நிறம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், வாழ்க்கையிலேயே ஒரு தடவை, இரண்டு பேரும் கடற்கரைக்குப் போனார்கள். அதற்கென்று ஒரு நகப்பூச்சு வாங்கியிருந்தாள். ஒரு கைக்குப் பூசினாள். மறு கைக்குப் பூசுவதற்குள் குப்பியைக் காணோம். விடுதி அறையையே தலைகீழாகப் புரட்டினாள். அவரும் கூடச் சேர்ந்து கட்டிலுக்கு அடியில் தேடினார், ரொம்ப அக்கறையாக.

நட்டின் மேல் பாதிக் கோடு, கம்பியின் மேல் பாதிக் கோடு. நடுவில் ஒரு அரிசி அகலத்துக்கு வெறும் இரும்பு.

"தம்பி, இந்த ரெண்டு சிவப்பும் ஒண்ணா இருந்த கோடு," என்றாள். "ஒண்ணையொண்ணு தொடற வரைக்கும் திருப்பு. அதுக்கு மேல வேணாம்."

"இது என்ன பெயின்ட்டு?"

"என்னோடது," என்றாள்.

கொழுந்தன் திருப்பினான். அவள் குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு மெல்ல மெல்லக் கிட்டே வந்து சேர்ந்தது. அப்போதுதான் அந்தக் கம்பியின் மறுமுனையைப் பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பித்தளை டப்பா, நாலு புறமும் அடைத்து, ஓர் ஓரத்தில் ஈயத்தால் ஒரு பொட்டு வைத்தது.

இதுவும் அவளுக்குத் தெரியும். அன்றைக்குக் கடற்கரையில் அலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊதுவிளக்கை வைத்துக்கொண்டு, இந்த டப்பாவின் கடைசி ஓட்டையைத்தான் அவர் அடைத்தார். காற்றில் விளக்கு அணைந்து அணைந்து போயிற்று. அவள் முந்தானையை விரித்து மறைவாக நிற்க வேண்டியிருந்தது. "கடலைப் பாக்க வந்தோமா, ஈயம் பத்த வைக்க வந்தோமா?" என்று திட்டித் தீர்த்தாள். "வீட்டுல வச்சு அடைச்சா என்னவாம்?"

"வீட்டுக் காத்து மெலிஞ்ச காத்து," என்றார். "இதுக்குள்ள கடல் காத்துதான் இருக்கணும். மேல போனா ரொட்டி பாக்கெட் உப்புதில்ல, அது மாதிரி இதுவும் உப்பும். எவ்வளவு உப்புதோ அவ்வளவு கம்பியைத் தள்ளும். எஞ்சினுக்கு மலை ஏறறதே தெரியாது. கடலோரமா ஓடற மாதிரியே ஓடும்."

அவள் அன்றைக்கு இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறு கை நகங்களில் பூச்சில்லையே என்றுதான் கவலை.

வண்டி கிளம்பியது. முள் மறுபடி படுத்துக்கொண்டது. கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. ஆமை தன் பழைய நடையில் போயிற்று. சீராக, யாரோ வாய்க்குள்ளேயே பாடுவது போன்ற சத்தத்தோடு.

சாலை ஏறியது. மரங்கள் குட்டையாகின. ஒரு கட்டத்தில் முள் ஒரு மயிரிழை நகர்ந்தது. யாரும் தொடவில்லை. அடுத்த சில வளைவுகளில் இன்னும் ஒரு இழை. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாள். காது அடைத்தது, குளிர் ஏறியது, மூச்சு சின்னதாகிக்கொண்டு போயிற்று. அவளுக்குள் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு அந்த முள் உயர்ந்தது. எஞ்சினின் சத்தம் மட்டும் மாறவேயில்லை. கடலோரத்தில் கேட்ட அதே பாட்டு.

ஒரு பெரிய லாரி ஓரம் கட்டி, திணறித் திணறிப் புகை விட்டுக்கொண்டிருந்தது. ஆமை அதை அலட்டிக்கொள்ளாமல் தாண்டியது. பின்னாலிருந்து தபால்காரர் கூரையைத் தட்டினார்.

"ஒண்ணுமில்ல," என்று கத்தினார். "இவன்கிட்ட சொன்னேன், உன் ஆமையைப் பாருடான்னு."

அன்றைய காற்று அந்த டப்பாவுக்குள் இன்னும் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அவள் திட்டியது, முந்தானை படபடத்தது, எல்லாவற்றையும் சுற்றி இருந்த அதே காற்று. தினமும் அதைச் சுமந்துகொண்டுதான் அவர் மேலே வந்திருக்கிறார். வீட்டில் உப்பு டப்பா காலியாகி அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. பானையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்ப் பார்த்ததில்லை. அது ஏன் என்று இதுவரை கேட்டதும் இல்லை. மடியில் இருந்த பிளாஸ்டிக் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டருகே காவல்காரர் சங்கிலியைக் கையில் எடுத்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு சங்கிலியைக் கீழே விட்டார். உள்ளே ஓட்டுகிறவர் வேறு ஆள் என்று கண்டதும் அவர் கண்கள் பின்தட்டுக்குப் போயின. தொப்பியைக் கழற்றினார்.

அக்காவை நாற்காலியோடு வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். போர்வைக்குள் முகம் மட்டும் தெரிந்தது. பெட்டியைத் திறந்ததும் ரொம்ப நேரம் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தாள்.

"வண்டி ரொம்பத் திணறிச்சாடி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா," என்றாள் அவள். "ஏறினதே தெரியல."

அக்கா கையை நீட்டினாள். யாரோ தம்ளரைக் கொடுத்தார்கள். அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம் அந்த வாசல் முழுக்கக் கேட்டது.

வண்டியில் விட்டுவந்த அவருடைய மூக்குக் கண்ணாடியை எடுத்துவர அவள் திரும்பினாள். பானட் திறந்திருந்தது. கொழுந்தன் ஸ்பேனர் இல்லாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உள்ளே பார்த்தபடி நின்றான். அவள் குனிந்து அந்த டப்பாவின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சுடும் அண்ணி."

அவள் கையை எடுக்கவில்லை. பித்தளையின் முகம், மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்த மாதிரி, உப்பி நின்றது.