காரணம் எழுதும் கட்டம்

எனக்கு வாய் அதிகம், பொறுமை கம்மி. என் தங்கையைக் கேட்டால் இன்னும் விலாவாரியாகச் சொல்வாள். கேட்கத்தான் ஆள் இல்லை. மூன்றே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். போன மாதத்தோடு ஒரு வருடம்.

முன்பு ஒரே அறையில், எதிரெதிர் மேசைகளில் வேலை பார்த்தோம். தூரத்து விண்மீன் மண்டலம் ஒன்றின் நடுவிலிருக்கும் ராட்சதக் கருந்துளைக்குத் தீனி எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. சுற்றிலும் வாயு கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழற்சியை எங்காவது தொலைத்தால்தான் உள்ளே விழும்.

நடுப்புள்ளியிலிருந்து வரும் ரேடியோ ஒளியின் வரைபடத்தில் மூன்று மெல்லிய பள்ளங்களை அவள்தான் கண்டாள்.

"அக்கா, இங்க பாரேன்! மூணு மேகம் குறுக்க வந்து வெளிச்சத்த மறைக்குது. நம்மள விட்டு விலகிப் போகுது, அப்படின்னா உள்ள விழுது. ஒண்ணோட ஒண்ணு மோதி சுத்துற வேகம் போயிருக்கும்."

"கிழிச்ச. கருவிக் கோளாறுடி அது. வெட்டு."

"ஒரு தடவ சரிபாத்துட்டு..."

"வெட்டுன்னா வெட்டு. நாளைக்குக் கட்டுரை போகணும். உன் ஆசைக்கெல்லாம் மேகம் விழாது."

அவ்வளவு ஒல்லியான பள்ளத்தைக் கோளாறென்று தரவிலிருந்து வெட்டுவது எங்கள் அறையின் வழக்கம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்த மகராசி நான்தான். அவள் மறுபேச்சில்லாமல் வெட்டினாள். அடுத்த மாதமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனாள். அதன்பிறகு போனில் "சாப்டியா?"வைத் தாண்டி எங்களுக்குள் பேச்சில்லை. அவளே இறங்கி வரட்டும் என்று வீம்பாக இருந்தேன்.

போன வாரம், வேறொரு குழு பெரிய தொலைநோக்கியால் அதே இடத்தைப் பார்த்து வெளியிட்டது. அதே மூன்று பள்ளங்கள். வினாடிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே விழும் மேகங்கள். இரண்டு கருவிகளுக்கு ஒரே இடத்தில் ஒரே கோளாறு வராது. தலையில் அடித்துக்கொண்டேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "அவ சொன்னதுதான்மா சரி."

"அத அவகிட்டல்ல சொல்லியிருக்கணும்," என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

பழைய கோப்பைத் திறந்தேன். வெட்டியது எதுவும் அழிவதில்லை, மீட்கலாம். ஆனால் எதை வெட்டினாலும் காரணம் எழுதாமல் அந்த மென்பொருள் விடாது. வரிக்கு வரி 'கருவிக் கோளாறு' என்றிருந்தது. அந்த மூன்று வரிகளில் மட்டும் அவள் எழுதியிருந்தாள்: 'அக்கா சொன்னாள்.'

பாவி, அன்றே இதைப் பார்த்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேனே!

மீட்பதற்கும் காரணம் கேட்டது. கண்ணீரில் எழுத்துகள் தெரியவில்லை. 'தங்கச்சி சொன்னாள்' என்று தட்டினேன். மூன்று பள்ளங்களும் திரையில் திரும்பி வந்தன.

"இங்க பாருடி," என்றேன், வாய்தவறி. எதிர் மேசையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது.