சுகருக்கு நாற்பது சுற்று

"தினமும் நாப்பது நிமிஷம் நடங்க ஆன்டி" என்று டாக்டர் நிலானி சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாற்பது நிமிஷத்தை நான் எந்தக் கடையில் போய் வாங்குவது? கிள்ளானில் காலை ஆறு பத்துக்கு ரயில் ஏறுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் வீடு விற்கிற பத்திரம், வாங்குகிற பத்திரம் தயார் செய்வது என் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலி. மத்தியானச் சோற்றைக்கூட ஒரு கையால் ஃபைலைப் புரட்டிக்கொண்டுதான் தின்கிறேன். வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும்.

"நடக்கலன்னா சுகருக்கு ஊசிதான். வீட்டுல ஊசி போட்டுவிட யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னாள்.

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. கிள்ளானில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். நாலு சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் மூச்சுவாங்கிக்கொண்டு நான்தான் நிற்கிறேன். ஒருத்தியையே தாங்க முடியவில்லை, இதில் இத்தனை பேரா? இரண்டாம் நாளோடு சரி. பக்கத்துப் பூங்காவில் நடந்தேன். மூன்றாம் நாளே எனக்கு முன்னால் போன ஒரு சீன ஆன்டியின் கைப்பையை மோட்டார் சைக்கிளில் வந்தவன் பிடுங்கிக்கொண்டு போனான். அதோடு அதுவும் போயிற்று.

கடைசியில் கண்ணில் பட்டது, ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருக்கும் முருகன் கோயில். மழை பெய்தால் ஒதுங்க ஓரத்தில் கூரை உண்டு, மோட்டார் வராது, நாய் துரத்தாது. பிரகாரம் ஒரு சுற்று நூற்றுப்பத்து காலடி. கைக்கடிகாரத்தில் பார்த்தேன், சரியாக ஒரு நிமிஷம். ஆபீஸ் விட்டதும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நாற்பது சுற்று. ஆறே முக்கால் ரயிலைப் பிடித்துவிடலாம். முருகனுக்கும் ஆட்சேபணை இருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நாலாம் நாள், எனக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்த ஒருத்தி நின்று திரும்பினாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். துப்புரவு வேலைக்காரர்களின் நீலச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பிடி புளியங்கொட்டை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொட்டையை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"வேண்டுதலா அக்கா? யாருக்கு?"

சுகரைக் குறைக்க முருகனைச் சுற்றுகிறேன் என்று கோயிலுக்குள் நின்று எப்படிச் சொல்வது? வாய் தானாகத் திறந்தது.

"வீட்டுக்காரருக்கு. உடம்பு சரியில்ல."

அந்த மனுஷன் என்னை விட்டுப் போய் ஒன்பது வருஷமாகிறது. ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இன்னொருத்தியோடு இருக்கிறார். ஜிம்மில் கையை மடக்கிக் காட்டுகிற படத்தை முகநூலில் பார்த்தேன். பார்த்தவள் வேறு யாரையாவது சொல்லியிருக்கக் கூடாதா? புத்தி கெட்டுப்போயிற்று.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெயர் புனிதா. வீடு செராஸில், வேலை ஸ்டேஷன் பக்கத்து மாலில். புருஷன் லோரி ஓட்டியவர், பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அவருக்காக நாற்பத்தெட்டு நாள், தினம் இருபத்தேழு சுற்று. நானும் அவளும் ஒரே மாதிரி கஷ்டப்படுகிறவர்கள் என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றாகவே சுற்றினோம். சுற்றும்போது பேசமாட்டாள். இருபத்தேழு முடிந்ததும் படியில் உட்கார்ந்து என் நாற்பதும் முடியக் காத்திருப்பாள். பிறகு ஸ்டேஷன் வரைக்கும் பேச்சுதான். "எங்க ஆளு இன்னிக்கு கரண்டிய பிடிச்சாரு அக்கா. உங்க வீட்டுக்காரரு?" என்பாள். கஞ்சி குடித்தார் என்பேன். இன்னொரு நாள், எழுந்து உட்கார்ந்தார் என்பேன். என் வாயாலேயே அந்த மனுஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குணப்படுத்திக்கொண்டிருந்தேன்.

வெட்கக்கேடுதான். ஆனால் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. நாள் முழுக்க எனக்கு வாய்த்த பேச்சு அது ஒன்றுதான். நடக்க நேரமே இல்லை என்று டாக்டரிடம் சண்டை போட்ட நான், ஞாயிற்றுக்கிழமையும் கிள்ளானிலிருந்து ரயிலேறி அந்தக் கோயிலுக்கு வர ஆரம்பித்தேன்.

ஆறு வாரம் கழித்து நிலானியிடம் போனேன். இந்த ஊர்க் கணக்கில் சுகர் பதினொன்றிலிருந்து எட்டுக்கு இறங்கியிருந்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பு. பிறகு என் காலைத் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"உள்ளங்கால் இப்படி வெந்து கிடக்கு. உங்களுக்கு வலிக்கவே இல்லையா ஆன்டி?"

வலிக்கவில்லை. சாயங்கால வெயிலில் பிரகாரத்துத் தரை சுடும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. சுகர் காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டதாம்.

"வெறுங்காலோட இனிமே ஒரு அடிகூட நடக்கக்கூடாது. ஷூ போட்டுக்கிட்டு வேற எங்கயாச்சும் நடங்க. இந்தப் புண்ணு பெருசானா கால் விரலுக்கே ஆபத்து" என்று கட்டுப் போட்டு அனுப்பினாள்.

அன்று புனிதாவின் நாற்பத்தாறாவது நாள். இன்னும் இரண்டு நாளில் அவள் வேண்டுதல் முடிந்துவிடும். விரல் போனால் போகட்டும், அந்த இரண்டு நாளை விட எனக்கு மனசில்லை. சாயங்காலம் கோயிலுக்குப் போய், செருப்பைக் கழற்றி, கட்டோடு நடக்க ஆரம்பித்தேன். மூன்றாவது சுற்றில் கட்டு சிவந்தது. புனிதா பார்த்துவிட்டாள். இழுத்து வந்து படியில் உட்கார வைத்தாள்.

"புருஷனுக்காக இவ்வளவா அக்கா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "கால அசைக்காதீங்க. உங்க நாப்பதையும் நானே சுத்திடுறேன். பேரு, நட்சத்திரம் சொல்லுங்க. சாமிகிட்ட சொல்லிக்கிட்டே சுத்தணும்."

பிரகலாதன், பூச நட்சத்திரம். சொல்லியிருக்கலாம். சொன்னால் மீதி இரண்டு நாளும் பத்திரமாகப் போயிருக்கும். ஆனால் விடிவதற்கு முன்னால் எழுந்து, புருஷனைத் துடைத்து, பஸ் பிடித்து வந்து மாலின் தரையைத் துடைத்த பிள்ளை இவள். பெர்த்தில் கையை மடக்கிக் காட்டுகிற ஆளுக்காக இவள் நடப்பதா? அதற்கு மட்டும் என் வாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"குணபூசணி" என்றேன். "ரேவதி நட்சத்திரம்."

"அது யாரு அக்கா? மகளா?"

"நான்தான்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அவரு என்னை விட்டுப் போயி ஒன்பது வருஷம் ஆச்சு புனிதா. ஆஸ்திரேலியாவுல நல்லாத்தான் இருக்காரு. சுகர் எனக்கு. நடக்க இடமில்லாம இங்க வந்தேன். நீ கேட்டப்ப வாயில வந்தத சொல்லிட்டேன்."

"தினமும் எங்க ஆளுக்குக் கும்பிடுறப்ப அவருக்கும் சேத்துத்தான் கும்பிட்டேன்" என்றாள், மெதுவாக. "கோயில்ல வச்சு பொய் சொல்லிருக்கீங்க லா அக்கா."

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"என்ன வேணும்னாலும் திட்டு. உடனே போயிடாத. நீ போயிட்டா எனக்குப் பேச ஆளில்ல" என்றேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒருத்தியிடம் இப்படிக் கெஞ்சுவேன் என்று நான் நினைத்ததில்லை.

அவள் வாசலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பையைக் கழற்றி என் கட்டுப் போட்ட காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தாள்.

முதல் சுற்றில் அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. மூன்றாவது சுற்றில் காதில் விழுந்தது. "குணபூசணி, ரேவதி நட்சத்திரம்." ஆபீசில் நான் ஆன்டி. கிளினிக்கில் ஒரு நம்பர். என் தெருவில் பதினாலாம் நம்பர் வீடு. கையெழுத்து கேட்காமல் இந்தப் பெயரை ஒருத்தர் சொல்லி எத்தனை வருஷமாயிற்று என்று தெரியவில்லை. ஆறே முக்கால் ரயில் போயிருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. எந்தச் சுற்றிலும் அவள் என் பக்கம் திரும்பவில்லை. பெயரை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டு போனாள்.