பெட்டியின் முகப்பில் ஒரு வாளி

சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் வீட்டுக் கூடத்திலேயே அட்டை விளையாட்டுகள் தயாரித்து விற்பவன் நைஜல். முதல் இரண்டையும் யாரும் சீந்தவில்லை. மூன்றாவதற்குக் கோலா சாவா ஊர்க் குமுதவல்லியின் விதிகளை எடுத்துக்கொண்டான். அதில் தப்பில்லை. ரப்பர்த் தோட்ட வாழ்க்கையை வைத்து அவள் உருவாக்கிய விளையாட்டின் விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்று அவளே அறிவித்திருந்தாள். பெட்டியின் பின்புறம் தன் பெயரைச் சொன்னால் போதும், தன் நிறுவனத்தின் வாளிச் சின்னத்தை மட்டும் யாரும் போடக்கூடாது என்று கேட்டிருந்தாள்.

நைஜல் அந்த வாளியைத்தான் முகப்பில் பெரிதாகப் போட்டான். மரியாதைக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வாளியைப் பார்த்தால் சனங்கள் வாங்குவார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். வாங்கவும் செய்தார்கள்.

சிரம்பானில் விளையாட்டுச் சந்தை நடந்த அன்று, தானும் கடை போட்டிருந்த அவன் குமுதவல்லியின் மேசைப் பக்கம் போனான். அங்கே ஓர் அம்மா, அவன் தயாரித்த பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒங்க வாளிய நம்பித்தானே வாங்குனேன்? பிள்ளைங்க கையெல்லாம் சாயம் ஒட்டுது. இப்படியா செய்வீங்க?"

பெட்டியைத் திருப்பி, பின்புறம் நைஜலின் பெயரைப் பார்த்த குமுதவல்லி, அது தன்னுடையதல்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா. அத விட்டுட்டு இத எடுத்துக்குங்க லா," என்று தன் பெட்டி ஒன்றைக் கொடுத்தாள்.

அந்த அம்மா போவதற்கு நைஜல் ஒதுங்கி வழிவிட்டான். "தேங்க்ஸ் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். நைஜல் மேசையை நெருங்கினான்.

"அக்கா, அது நான் செஞ்சது."

"தெரியும். காலையிலேருந்து இப்படித்தான் வராங்க."

"என்னக் கைகாட்டியிருக்கலாமே?"

"என் வாளிய நம்பி வந்தவங்ககிட்ட, நான் இல்ல, அவன்னு சொல்லச் சொல்றியா? ஒன் பேரப் பெருசா போட்டு வித்தா என்ன, நைஜல்?"

"என் பேரப் பாத்தா யாரும் எடுக்க மாட்டாங்கக்கா."

அவள் அடுத்து வந்தவருக்குப் பெட்டியை எடுத்துக் காட்டத் தொடங்கினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

கார் நிறுத்துமிடத்துக்கு ஓடி, அந்த அம்மாவைப் பிடித்தான். "ஆன்ட்டி, அந்த மோசமான பெட்டி என்னோடது. அவங்களோடது இல்ல."

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அந்தப் பொண்ணு எதுக்கு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு?"

சந்தை முடியும் முன்பே தன் பெட்டிகளையெல்லாம் கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பினான். குமுதவல்லி யாருக்கோ ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவள் நிமிராததே நல்லது என்று நினைத்து, நடையை எட்டிப் போட்டான்.