களவு போன கெய்ரோச் சுரங்கள்

திருகோணமலையில் தன்னைத் தவிர வேறு இசையமைப்பாளர் கிடையாது என்பது அன்புவழிபுரம் ஞானசேகரத்தின் கொள்கை. லண்டன் இசைச் சோதனையில் எட்டாம் தரம் சித்தியடைந்த சான்றிதழ் சாமிப் படங்களுக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. ஆனால் கடைசியாகப் போட்ட மூன்று பாட்டும் ஒரே மெட்டு என்று ஊர் சிரித்துவிட்டது. துறைமுகக் கலைவிழாவுக்குப் போட ஒப்புக்கொண்ட வரவேற்புப் பாட்டும் அப்படியே வந்தால் இனி ஒருவரும் தன்னைத் தேடி வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். கீபோட்டில் கை வைத்தாலோ பழைய மெட்டே எலி மாதிரி ஓடி வந்தது.

மேற்கத்தேய இசை வற்றிவிட்டதென்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கெய்ரோக்காரர் ஒருவரிடம் இணையத்தில் பாடம் கேட்டார். 'ஹிஜாஸ்கார்' என்றொரு அரபுச் சுரவரிசை அகப்பட்டது. இலங்கையில் எந்தக் காதும் கேட்டிராத ஏழு சுரங்கள்! இரண்டு கிழமையாக யன்னலைப் பூட்டிக்கொண்டு அதில் பாட்டுக் கட்டினார். ஒலிப்பதிவுக் கடை வைத்திருக்கும் கிண்ணியா றுமைசுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்.

சனிக்கிழமை காலை பல் தீட்டிக்கொண்டு நின்றவர் வாயில் நுரையோடு உறைந்துபோனார். போன மாதம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த சங்கீத ரீச்சர் சிவானுஜாவின் முற்றத்தில், அன்றுதான் தொடங்கிய வகுப்பில், குஞ்சு குருமான்கள் கூட்டமாக அதே ஏழு சுரத்தையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தன.

போனை எடுத்தார்.

"றுமைஸ், என்ர சுரத்தை ஆருக்குக் குடுத்தனீர்?"

"அல்லாஹ்வுக்காக மாஸ்டர், உங்கட பாட்டைக் களவெடுக்கிறதெண்டா முதல்ல அதை முழுசாக் கேக்கோணுமே. அது என்னால ஏலா."

சந்தேகம் தீரவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியடிக்குப் போனார்.

"ரீச்சர், இதை எங்கால எடுத்தனீங்கள்?"

"எதை சேர்?"

"இந்தச் சுரத்தை. கெய்ரோவிலயோ?"

சிவானுஜா பிள்ளைகளைப் பார்த்தாள். பிள்ளைகள் அவரைப் பார்த்தன.

"இது மாயாமாளவகௌளை ராகம், சேர். சங்கீதத்தில முதல் பாடமே இதுதான்." குரலைத் தணித்தாள். "நானும் உங்களைச் சந்தேகப்பட்டனான். ரெண்டு கிழமையா ஒளிச்சிருந்து இதைத்தான் தட்டிறியள். படிக்க ஆசை, கேக்க வெக்கமாக்கும் எண்டு நினைச்சன். வாங்கோவன், பின்னுக்குப் பாய் கிடக்கு."

எட்டாம் தரம் நின்ற நிலையிலேயே பாலர் வகுப்புக்கு இறங்கியது. "அப்ப அந்தக் கெய்ரோக்காரன் இஞ்ச இருந்துதான் களவெடுத்திருக்கிறான்" என்று முணுமுணுத்தபடி திரும்பினார்.

"நில்லுங்கோ சேர். உங்கட பாட்டுக்கு நடுவில ஒரு இடம் வருதல்லோ? மேல ஏறப்போய், ஏறாமல் சறுக்கித் திரும்பிற இடம்." அதை முனகிக் காட்டினாள். "நான் அப்பிடி எங்கயும் கேட்டதில்லை. அதை ஆரிட்ட எடுத்தனீங்கள்?"

"அது... என்ர."

"ஓமோம்!" சிவானுஜா ஒரு சொல்லும் நம்பாமல் சிரித்தாள். "சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்கோ. ஆரோ கைதேர்ந்த விண்ணனிட்டத்தான் எடுத்திருக்கிறியள்."

களவெடுத்ததென்று சந்தேகப்படும் அளவுக்கு நல்லதாக ஒன்றை அவர் இதுவரை போட்டதேயில்லை. வீட்டுக்கு வந்து, மிச்சத்தையெல்லாம் அழித்துவிட்டு, அந்த ஒரு இடத்திலிருந்தே பாட்டைத் தொடங்கினார்.