ஜெராட்டுக்கு ஒரு நன்றிப் பூசை

மரியநாயகிக்கு அன்று வாயெல்லாம் பல். பூசை முடிந்ததும், புலம்பெயர்ந்து வந்த மிச்சம் நகரத்து மாதா கோவில் மண்டபத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் றோல்ஸும் கேக்கும் நீட்டிக்கொண்டிருந்தாள். மகன் ஜெராட்டுக்கு அரசாங்கத்தில் ஆராய்ச்சி வேலை, நாளைக்குத் தொடக்கம். அதற்கு நன்றியாக அவள் பூசை ஒப்புக்கொடுக்க, பாதரும் பீடத்தில் நின்று அவன் பெயரை வாசித்தார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்களிடம், "அது ரகசியமாம், வீட்டிலையும் சொல்லக்கூடாதாம்" என்றாள் பெருமையாக. நம் சனத்துக்கு அரசாங்க வேலை என்றால் போதும், உடனே கடவுளுக்குப் பூசை போய்விடும். என்ன வேலை என்று அவரும் கேட்பதில்லை.

ஜெராட்டின் கூட்டாளி றஜீவ் கேக்கை மென்றுகொண்டே வந்தான். "அன்ரி, இனி உங்களோடை கவனமாத்தான் கதைக்கவேணும். மகன் அணுகுண்டெல்லோ செய்யப்போறான்."

அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு மகனின் முகத்தைப் பார்த்தாள். அது பேயறைந்தது போல் இருந்தது. தட்டை வைத்துவிட்டு அவனை மண்டபத்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அவன் பகிடிதானே விட்டவன்?"

"புதுசாச் செய்யிறேல்லை அம்மா. இருக்கிற குண்டுகளைப் பழுதாகாமல் பாக்கிற வேலை. ஒருநாளும் போடமாட்டினம். மற்றவை போடாமல் இருக்கத்தான் வைச்சிருக்கிறது."

மரியநாயகிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. அவளுடைய தம்பி, ஊரில் யுத்த நேரம் குண்டுக்குப் பயந்து கோவிலுக்குள் ஓடிய சனத்தோடு ஓடியவன். கோவிலுக்கு மேல்தான் போட்டார்கள்; அவன் திரும்பி வரவில்லை. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை இவன்.

"எப்பிடியடா என்னட்டை மறைச்சனீ?"

"வேலை தேடி நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுந்தானே? சொன்னால் விடமாட்டியள்." அவன் குரல் தணிந்தது. "இந்த வேலை தொடக்கத்திலையிருந்தே இப்பிடித்தான் அம்மா. முதல் குண்டு செய்யேக்கை, உலக யுத்த நேரம், அமெரிக்காவிலை ஒரு ஊரையே ரகசியமாக் கட்டினவை. கனக்கப் பொம்பிளையள் மெஷினுக்கு முன்னாலை இருந்து குமிழைத் திருப்பினவை. என்னத்துக்கெண்டு அவைக்கே தெரியாது. ஹிரோஷிமாவிலை போட்டாப் பிறகுதான் தெரியும். அவையிலை பிழையோ?"

"நாகசாகியிலையும் போட்டவங்கள்" என்றாள். அந்தக் கதையைப் பாதர் ஒருமுறை பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். அந்தக் காலை அங்குள்ள பேராலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த சனமும், கேட்டுக்கொண்டிருந்த குருவும் அப்படியே போய்ச் சேர்ந்தார்கள்.

"அந்தப் பொம்பிளையளிலை பிழையில்லை. அவைக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு என்னையும் அவையிலை ஒருத்தி ஆக்கிப்போட்டாய். விடிய எழும்பி றோல்ஸ் சுத்தினன், கடவுளுக்கு நன்றி சொன்னன். எதுக்கெண்டு தெரியாமல்."

அவள் நேரே பாதரிடம் போனாள்.

"பாதர், இண்டைக்கு நான் ஒப்புக்குடுத்த பூசை எனக்குத் திரும்ப வேணும்."

பாதர் வாயிலிருந்ததை விழுங்கினார். "ஒப்புக்குடுத்ததைத் திருப்பி எடுக்க ஏலாதம்மா. என்ன நடந்தது?"

பதில் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. மகனைவிடத் தன்மேல்தான் அப்போது கூடுதலாக ஆத்திரம் வந்தது. இத்தனை நாளில் ஒரு தடவையாவது வாய் திறந்து கேட்டாளா? கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் தரிப்பில் ஜெராட் வந்து பக்கத்தில் நின்றான். பள்ளிக்கூடச் சோதனைகளுக்கும் நேர்முகத் தேர்வுகளுக்கும் போகுமுன் அவன் தலை குனிவான். அவள் பெருவிரலால் அவன் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவாள். ஒருநாளும் தவறியதில்லை.

"நாளைக்கு நான் வெளிக்கிடேக்கை நீங்கள் ஷிப்டிலை நிப்பியள். இப்பவே போட்டுவிடுங்கோ அம்மா."

குனிந்தான். பெற்ற பிள்ளையின் நெற்றி. பழக்கதோஷத்தில் அவள் கை பாதி தூரம் எழும்பியும் விட்டது. அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"தெரியாமல் ஒருக்காச் செய்திட்டன் ஜெராட். தெரிஞ்சு செய்யமாட்டன்."

பஸ் வந்தது. அவன் நிமிரும்வரை காத்திராமல் ஏறிக்கொண்டாள்.