அத்தானுக்கும் சேர்த்து

1

இந்தக் கதைக்கு என் நாத்தனார்தான் காரணம். "உங்க கதையில வர்ற, இயேசுவைப் பத்திச் சொல்ற ஊழியக்காரங்க ஒண்ணு அயோக்கியன், இல்லாட்டி அசடு. சொல்லச் சொன்னதை அப்படியே சொல்ற ஆள் ஒருத்தர்கூடக் கிடைக்கலையா அண்ணி?" என்று சாப்பிடும்போது கேட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சரி, ஒருத்தியை எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

2

[முதல் தொடக்கம்: "அவள் பிறவியிலேயே பக்தி மிகுந்தவள்..." வேண்டாம். அப்படிப்பட்டவளோடு பத்து நிமிஷம் பேச என்னால் ஆகாது.]

அவள் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஊசி குத்தி, குழாய் மாட்டி, இயந்திரம் சத்தம் போட்டால் ஓடிப்போய்ப் பார்க்கிற வேலை. அன்று காலை ஜன்னலோரக் கட்டிலில் வந்து படுத்தவர் அவளுடைய அத்தான், அக்கா புருஷன். அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் போனவர். அடக்கத்துக்கும் வரவில்லை. அவருக்கு ஊசி ஏற்றும்போது அவள் கை நடுங்கவில்லை.* வயிறுதான் எரிந்தது.

(* நடுங்கியதாகத்தான் முதலில் எழுதினேன். நடுங்கினால் அவர் கை வீங்கிவிடும். அவள் தொழில் தெரிந்தவள்.)

3

ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்ததும் அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "உங்க அக்கா தினம் ஜெபம் பண்ணுவாளே, அந்த இயேசு... என்னை மாதிரி ஆளைச் சேத்துப்பாரா?"

என் பேனா துள்ளியது. [அவள் சொன்னாள்: "அக்கா காலைப் பிடிச்சு அழுதிருந்தா சேத்திருப்பாரு."] படித்துப் பார்த்தேன், எனக்கே மனசு குளிர்ந்தது. ஆனால் அவளிடம் ஒப்படைக்கப்பட்ட சுவிசேஷச் செய்தியில் அந்த நிபந்தனை இல்லை. மாற்றினேன். ["அப்படி என்ன பெரிசா பண்ணிட்டீங்க அத்தான், விடுங்க."] அதுவும் செய்தியில் இல்லை.

கதையில் நான் வைத்ததுதான் சட்டம். மழை பெய் என்றால் பெய்யும். அவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுவிசேஷம் யாரோ யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல, கடவுளே வெளிப்படுத்தியது என்று நம்புகிறவள். ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ தனக்கு உரிமையில்லை என்பாள். அவள்மேல் எனக்குப் பொறாமையா பரிதாபமா, தெரியவில்லை.

4

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க பண்ணது பாவம் அத்தான். அதைச் சின்னதாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பாவத்துக்காகவும்தான் இயேசு சிலுவையில செத்தாரு, உயிரோட எழுந்தாரு. மனந்திரும்பி அவரை நம்பினா முழுசா மன்னிப்பாரு. உங்களையும்."

அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் மெல்லத்தான் சொன்னாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "நீ மன்னிச்சிட்டியாம்மா?"

[ஆமாம் என்று தலையாட்டிய அவள் முகத்தில்] இல்லை, பொய்.

"இல்ல அத்தான். இன்னும் முடியல. அதுக்கும் அவர்கிட்டதான் கேட்டுட்டிருக்கேன். என்னால முடியலங்கிறதுக்காக, அவர் சொன்னதை உங்ககிட்ட மறைக்கக் கூடாதுல்ல?"

சொல்லிவிட்டு அழுதாள். எழுதிவிட்டு நானும்தான்.

5

அவரும் அழுதார் என்று ஒரு முடிவு எழுதினேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார் என்று இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் ஸ்டூலை விட்டு எழவில்லை, அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். ஒருவரை மனந்திரும்ப வைப்பது அவள் கையில் இல்லை. என் கையிலும் இல்லை.

அவர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் பேசும்போது நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். அவள் சொன்னது உங்கள் காதிலும்தான் விழுந்தது.