காதில் விழாத பாதி

சிங்கப்பூர் வீட்டில் குளிக்கும்போது பெதானியின் விரலில் அது தட்டுப்பட்டது. ஆறு மாதத்துக்கு முன் இடது மார்பில் கட்டியை எடுத்த இடத்தில், தழும்புக்கு அடியில், மொச்சைக்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஏதோ ஒன்று.

"ஒண்ணுமில்லம்மா," என்றான் கணவன் மேக்ஸ்வெல். "கான்சர் இல்லன்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாங்கல்ல? நாளைக்கு செக்கப்தான, கேட்டுக்கலாம் லா."

அந்த இதமான குரல்தான் அவளை உலுக்கியது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அவளும் அப்படித்தான் அம்மாவிடம் சொன்னாள்: "வெறும் கொழுப்புக் கட்டிம்மா." உண்மையைச் சொல்ல வேண்டாம் என்பது அப்பாவும் சித்தப்பாவும் கூடிப் பேசி எடுத்த முடிவு, டாக்டரையும் வாய் திறக்க விடவில்லை. அம்மா அந்தோனியம்மாள் குணமானதும் வேளாங்கண்ணிக்குப் போவதற்கென்று சேலைகூட எடுத்து வைத்திருந்தாள். அந்தச் சேலையைக் கட்டித்தான் அவளைச் சவப்பெட்டியில் வைத்தார்கள்.

இப்போது என்னிடம் மறைக்கிறார்களா?

மறுநாள் வீடிருக்கும் பாசிர் ரிஸ்ஸிலிருந்து மருத்துவமனைக்கு ரயிலில் வரும் வழியெல்லாம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் பெயரை அழைத்ததும் அவனும் எழுந்தான்.

"நீங்க வெளிய இருங்க."

"ஏன்?"

"இருங்கன்னா இருங்க."

டாக்டர் பாக்கியலட்சுமி தழும்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் கருவியை வைத்தும் பார்த்தார். பெதானி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"மறைக்காதீங்க டாக்டர். அவர் என்ன சொல்லியிருந்தாலும் சரி."

"மறைக்க என்னம்மா இருக்கு? இது காயம் ஆறுனப்ப உள்ள உண்டான தழும்பு. புதுக் கட்டி இல்ல. எடுத்த கட்டியிலயும் கான்சர் இல்ல. ஆனா அதுல சில செல்லுங்க வழக்கத்துக்கு மாறா வளர்ந்திருந்துச்சு. அதனால பின்னாடி கான்சர் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட உங்களுக்குக் கூடுதல். அதுக்குத்தான் வருஷா வருஷம் மேமோகிராம். நடுவுல மாற்றம் தெரிஞ்சா உடனே வரணும்."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னேனே. கான்சர்னு வாயெடுத்ததுமே நீங்க அழ ஆரம்பிச்சுட்டீங்க. உங்க வீட்டுக்காரர்தான் போன்ல எழுதிக்கிட்டார்."

வெளியே மேக்ஸ்வெல் நின்றுகொண்டே இருந்தான்.

"வருஷா வருஷம் மேமோகிராமாம். என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தூங்கமாட்டேன்னு..."

"இப்ப மட்டும் தூங்குறேனா?"

அவன் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"எங்கம்மாவுக்குக் கான்சர்னு அவங்களுக்கே தெரியாது, மேக்ஸ். நாங்க சொல்லவே இல்ல. என் வாயாலதான் பொய் சொன்னேன்."

திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகளில் முதல்முறையாக அதைச் சொன்னாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்குப் பயமா இருந்துச்சு," என்றான்.

"எனக்கும்தான். சேர்ந்தே பயப்படலாம், வாங்க."

கவுண்டரில் அடுத்த தேதியைக் குறித்த பெண், தகவல் அனுப்ப மேக்ஸ்வெலின் எண்ணை வாசித்துச் சரிதானா என்று கேட்டாள்.

"என் நம்பரையும் போடுங்க," என்றாள் பெதானி. சொல்லும்போது நடுவில் ஓர் எண் தப்பியது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.